காற்று நின்றால் கை தப்புமா?

ஜெயங்கொண்டத்துக்கு வரும் எந்திரங்களில் "பூட்டு" மட்டும் போதாது!

ஜெயங்கொண்டம்-

கரி வரும், கரி வரும் என்று காத்திருந்த ஊர் ஜெயங்கொண்டம். 1990-களில் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக சுற்று வட்டார கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை எடுத்தார்கள். கரியும் வரவில்லை, கரண்டும் வரவில்லை.

இப்போது வருவது ஷூ! 2024-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி, ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நாட்டு டீன் ஷூஸ் நிறுவனத்தின் காலணி தொழிற்சாலைக்கு முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். ஆயிரம் கோடி ரூபாய் முதலீடு, 15 ஆயிரம் பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். பக்கத்து பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் 2023-லேயே காலணி தயாரிப்பு தொடங்கி விட்டது.

வேலை வருவது நல்ல சேதிதான். தறியையும் முந்திரியையும் நம்பி இருக்கும் வீடுகளில் மாத சம்பளம் நுழைந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் ஆலை வந்தால் எந்திரம் வரும். எந்திரம் வந்தால் அதோடு அழுத்தக் காற்றும் வரும். அந்த காற்றை பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

காற்றுக்கு இத்தனை பலமா?

பஞ்சர் கடையில் கம்ப்ரசர் ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆலைகளிலும் அதே காற்றுதான், அளவுதான் பெரிது. குழாய் வழியாக போய் ஒரு சிலிண்டருக்குள் நுழைகிறது. இது சமையல் கேஸ் சிலிண்டர் அல்ல. சைக்கிள் பம்பு மாதிரி. பம்பில் நாம் தண்டை தள்ளினால் காற்று வரும். இதில் காற்றை விட்டால் தண்டு தள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஷூவின் அடிப்பாகத்தை மேல்பாகத்தோடு அழுத்தி ஒட்டுவதற்கும், அச்சை மூடுவதற்கும், சிமெண்டு ஆலையில் மாவு கொட்டும் கதவை திறந்து மூடுவதற்கும் இந்த சிலிண்டர் பயன்படுகிறது. பஸ்சில் தானாக மூடும் கதவுக்கு பின்னால் இருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

பலம் எவ்வளவு? கணக்கு போட்டு பார்க்கலாம். பட்டறைக்காரர்கள் "6 கிலோ காற்று" என்பார்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் 6 கிலோ அழுத்தம் என்று அர்த்தம். சிலிண்டரின் உள்விட்டம் 5 சென்டிமீட்டர் என்றால் தண்டு தள்ளும் பலம் 118 கிலோ. ஏறக்குறைய ஒன்றரை ஆள் பாரம்! விட்டம் 10 சென்டிமீட்டர் ஆனால் 471 கிலோ. விட்டம் இரண்டு மடங்கானால் பலம் நாலு மடங்கு!

அரைக் குவிண்டால் நெல் மூட்டை ஒன்பதை ஒருவர் விரலில் அடுக்கினால் என்ன ஆகும்? அதுதான் அது.

பூட்டு எதற்கு?

சிலிண்டர் ஒரு பாரத்தை மேலே தூக்கி பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று கரண்டு போகிறது. அல்லது காற்று குழாய் பிய்ந்து கொள்கிறது. தூக்கி பிடித்த காற்று போய்விட்டால் பாரம் என்ன செய்யும்? கீழே வரும். கீழே கை இருந்தால் கை மேல் வரும்.

இதை தடுக்கத்தான் "லாக் சிலிண்டர்" என்கிற பூட்டு சிலிண்டர் இருக்கிறது. தண்டை ஒரு பிடி கவ்விக்கொள்ளும். கவ்வ வைப்பது ஸ்பிரிங். விடுவிப்பது காற்று. அதாவது காற்று இருக்கும் வரை பூட்டு திறந்திருக்கும். காற்று போனால் ஸ்பிரிங் பாய்ந்து தண்டை பிடித்துக்கொள்ளும்.

பஸ் பயணிகளுக்கு இது தெரிந்த விஷயம்தான். டிரைவர் பஸ்சை நிறுத்திவிட்டு கை பிரேக்கை போடும்போது "புஸ்" என்று சத்தம் வருகிறதே, அது காற்று வெளியேறும் சத்தம். காற்று போனதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிரேக்கை அழுத்திக்கொள்கிறது. காற்று ஏறினால்தான் பஸ் நகரும். ஆபத்து வந்தால் தானாகவே நல்ல பக்கம் சாயும் ஏற்பாடு!

இந்த யோசனை இன்று நேற்று வந்தது அல்ல. 1854-ம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் பொருட்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் தூக்கு மேடை ஒன்றில் ஏறி நின்றுகொண்டு, தூக்கி பிடித்த கயிற்றை எல்லோர் முன்னாலும் வெட்டச் சொன்னார். கூட்டம் பதறியது. மேடை சில அங்குலம் இறங்கி அப்படியே நின்றது! கயிறு அறுந்ததும் ஸ்பிரிங் விரிந்து பக்கத்து பல் சட்டத்தை பிடித்துக்கொண்டது. இன்றைக்கு ஊர் ஊராக லிப்டு ஓடுவதற்கு அந்த ஒரு பிடிதான் பிள்ளையார் சுழி.

அப்புறம் என்ன கவலை?

பூட்டு போட்ட சிலிண்டர் வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? தீரவில்லை. இங்கேதான் வில்லங்கம்.

"லாக்கு இருக்கு, தைரியமா கைய விடு" என்று சொல்லும் சூப்பர்வைசருக்கும், அதை நம்பி கையை விடும் பையனுக்கும் தெரியாத சங்கதிகள் பல உண்டு.

முதல் சங்கதி: நின்றதை பிடிக்கும் பூட்டு வேறு, ஓடுவதை நிறுத்தும் பூட்டு வேறு.

தேர் இழுக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலையில் நிற்கும் தேர் நகராமல் இருக்க போடும் கட்டையை யார் வேண்டுமானாலும் போடலாம். ஓடி வரும் தேரை முட்டுக்கட்டை போட்டு நிறுத்த தனி ஆள் வேண்டும், தனி கட்டை வேண்டும். சிலிண்டர் பூட்டுகளில் பல, நின்ற பாரத்தை பிடிப்பதற்கு மட்டுமே செய்யப்பட்டவை. வேகமாக இறங்கும் பாரத்தை அதை வைத்து தினம் நிறுத்தினால் பிடி தேயும். தேய்ந்த பிடி ஒரு நாள் வழுக்கும். அந்த நாள் எந்த நாள் என்று முன்கூட்டி சொல்லாது!

இரண்டாவது: சில சிலிண்டர்களில் பூட்டு தண்டின் கோடியில் மட்டும்தான் விழும். முழுதாக மேலே போய் சேர்ந்தால் கொக்கி மாட்டிக்கொள்ளும். பாதி வழியில் காற்று போனால் மாட்டாது. விலை குறைவு என்று இதை வாங்கி மாட்டிவிட்டு "லாக்கு இருக்கு" என்று சொல்வது, தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு பூட்டு தொங்க விட்ட கதை.

மூன்றாவது: பாரத்தின் கணக்கு. இந்த பூட்டு இத்தனை கிலோ தாங்கும் என்று கம்பெனி புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அது புது பூட்டு, சுத்தமான தண்டு, அசையாத பாரம் என்ற கணக்கு. அந்த அளவுக்கு விளிம்பு வரை பாரம் ஏற்றக்கூடாது. தாராளமாக மிச்சம் விட வேண்டும். எவ்வளவு விட வேண்டும் என்பதும் அதே புத்தகத்தில் இருக்கும். அதை படிப்பவர் யார்? இன்று 40 கிலோ அச்சுக்கு வாங்கிய எந்திரத்தில் அடுத்த வருஷம் 70 கிலோ அச்சை மாட்டுவார்கள். பூட்டு மட்டும் பழையபடியே இருக்கும்!

நாலாவது: எண்ணெய். பூட்டு தண்டை உராய்ந்து பிடிக்கிறது. தண்டில் எண்ணெயோ கிரீசோ பூசினால் பிடி தளரும். எந்திரம் பளபளப்பாக இருக்கட்டும் என்று தண்டுக்கு எண்ணெய் தடவும் நல்ல மனசுக்காரர்கள் எல்லா பட்டறையிலும் உண்டு. அரியலூர் பக்கத்து சிமெண்டு தூசு வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஐந்தாவது: காற்று வெளியேறும் வழி. பூட்டில் இருந்து காற்று சட்டென்று போனால்தான் ஸ்பிரிங் சட்டென்று பிடிக்கும். நீளமான டியூப், தூசு அடைத்த சைலன்சர் இருந்தால் காற்று மெதுவாக கசியும். அதற்குள் பாரம் பாதி தூரம் இறங்கிவிடும்.

ஆறாவது: கையால் பூட்டை திறந்து வைக்கும் போல்டு. எந்திரத்தை பொருத்தும்போது தண்டை நகர்த்துவதற்காக சில பூட்டுகளில் ஒரு போல்டை முறுக்கி பூட்டை திறந்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் அதை கழற்ற வேண்டும். கழற்ற மறந்தால்? பூட்டு இருக்கும். ஆனால் ஆயுசுக்கும் பூட்டாது!

காற்று திரும்பி வந்தால்...

காற்று போவது மட்டும் ஆபத்து அல்ல. திரும்பி வருவதும் ஆபத்து.

பூட்டு தண்டை பிடித்திருக்கிறது. சிலிண்டருக்குள் ஒரு பக்கம் காற்று அடைபட்டு நிற்கிறது, மறு பக்கம் காலி. இந்த நிலையில் பூட்டை திறந்தால் என்ன நடக்கும்? வில்லில் இருந்து அம்பு புறப்பட்ட மாதிரி தண்டு பாயும். ஆகவே பூட்டை திறக்கும் முன்பு இரண்டு பக்கமும் பாரத்துக்கு தக்கபடி காற்றை சமன் செய்ய வேண்டும். எந்திரத்தை வடிவமைக்கும்போதே இதை செய்து வைக்க வேண்டும். ஓட்டுகிறவர் தலையில் கட்டக்கூடாது.

மின்சார வாரியம் மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்துவது கடைக்காரர்களுக்கு தெரியும். மின்சாரம் திரும்பியதும் கடையில் பேன் சுற்றும், பரவாயில்லை. ஆலையில் எந்திரம் தானாக இயங்க தொடங்கினால்? சிக்கிய பொருளை எடுக்க கையை விட்டவர் கதி என்ன? மின்சாரமோ காற்றோ திரும்பி வந்தாலும், ஒரு ஆள் பட்டனை அழுத்தினால்தான் எந்திரம் அசைய வேண்டும். இது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட பாதுகாப்பு விதி. காற்று எந்திரங்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 4414 என்ற சர்வதேச தர விதி இருக்கிறது. எந்திரம் தானாக கிளம்பாமல் தடுப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 14118 இருக்கிறது. எந்திரம் வாங்குகிற முதலாளி இந்த இரண்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். "இதன்படி செய்ததா?" என்று விற்பவரை கேட்க வேண்டும். விற்பவர் முழித்தால் வாங்குபவர் விழித்துக்கொள்ள வேண்டும்.

ஜாக்கியை நம்பி படுப்பார்களா?

லாரி மெக்கானிக்கை பாருங்கள். ஜாக்கி போட்டு லாரியை தூக்குவார். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க மாட்டார். மரக்கட்டையோ இரும்பு ஸ்டாண்டோ முட்டு கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே விடுவார். ஜாக்கி நல்ல ஜாக்கிதான். ஆனாலும் முட்டு வேண்டும்.

பூட்டு சிலிண்டரும் ஜாக்கி மாதிரிதான். எந்திரம் ஓடும்போது திடீர் இறக்கத்தை தடுக்க அது உதவும். அச்சு மாற்றவோ பழுது பார்க்கவோ பாரத்துக்கு அடியில் கை போனால், பூட்டை நம்பக்கூடாது. இரும்பு முட்டு கொடுக்க வேண்டும். காற்று வரும் குழாயை வால்வில் அடைத்து, உள்ளே மிச்சம் இருக்கும் காற்றை வெளியேற்றி, அந்த வால்வுக்கு திண்டுக்கல் பூட்டு ஒன்றை போட்டு, சாவியை வேலை செய்கிறவரே பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சாவி சூப்பர்வைசரிடம் இருக்கக்கூடாது. விரல் யாருடையதோ, சாவி அவருடையது!

பூட்டு வேலை செய்கிறதா என்று சோதிப்பதும் கஷ்டம் அல்ல. பாரத்தை மேலே நிறுத்தி, கீழே யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, காற்றை நிறுத்த வேண்டும். பக்கத்து சட்டத்தில் சாக்பீஸ் கோடு ஒன்று போட்டுவிட்டு பத்து நிமிஷம் கழித்து வந்து பார்க்க வேண்டும். பாரம் கோட்டை விட்டு இறங்கி இருந்தால் அந்த எந்திரத்தில் அன்றைக்கு யாருக்கும் வேலை கிடையாது. செலவு ஒரு சாக்பீஸ்!

சில பேர் பூட்டுக்கு பதில், காற்றை சிலிண்டருக்குள்ளேயே அடைத்து வைக்கும் வால்வை மாட்டுவார்கள். அதுவும் ஒரு உபாயம்தான். ஆனால் அடைத்த காற்று கசியும். காலையில் மேலே நின்ற பாரம் சாப்பாட்டு நேரத்துக்குள் நாலு விரல் இறங்கி இருக்கும். இரும்பு பிடிக்கு அது ஈடாகாது.

விரலுக்கு விலை

"இதெல்லாம் பெரிய ஆலைக்கு. நம்ம பட்டறைக்கு எதுக்கு?" என்பார்கள். பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி இருப்பார், வெளிநாட்டு வியாபாரிகள் வந்து சோதிப்பார்கள். பெரிய ஆலை வந்த இடத்தில் அதற்கு உதிரி வேலை செய்யும் சின்ன பட்டறைகள் முளைக்கும். அங்கே வருவது பெரும்பாலும் கைமாறி வந்த பழைய எந்திரம். புத்தகம் இருக்காது. பூட்டு இருந்தாலும் எந்த வகை என்று யாருக்கும் தெரியாது.

அரியானா மாநிலம் குர்கான், மானேசர் பகுதியில் நடந்ததை பார்த்தால் புரியும். அங்கே கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்யும் சின்ன ஆலைகளில் விரல் இழந்த தொழிலாளர்களை பற்றி "சேப் இன் இந்தியா" என்ற தொண்டு நிறுவனம் 2019 முதல் அறிக்கை வெளியிட்டு வருகிறது. கையும் விரலும் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில்! அங்கே கடிப்பது பெரும்பாலும் பவர் பிரஸ் எந்திரம், காற்று சிலிண்டர் அல்ல. ஆனால் நசுங்கும் விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

சட்டம் விரலுக்கு கணக்கு வைத்திருக்கிறது. 2025 வரை இருந்த 1923-ம் ஆண்டின் நஷ்டஈடு சட்ட அட்டவணைப்படி கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம். ஒரு கையில் நாலு விரலும் போனால் 50 சதவீதம். கணக்கு சரிதான். ஆனால் தறியில் நூல் முடிச்சு போடுகிறவருக்கு ஆள்காட்டி விரல் 14 சதவீதமா? நூறு சதவீதம்!

20 பேருக்கு குறைந்தால்?

ஓடும் எந்திரத்துக்கு வேலி போட வேண்டும், ஆபத்தான எந்திரத்தில் பயிற்சி இல்லாத சின்ன வயதுக்காரர்களை விடக்கூடாது என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலை சட்டம் சொன்னது. 1984 போபால் விஷவாயு கொடுமைக்கு பிறகு 1987-ல் சட்டத்தை திருத்தி, எந்திரத்தை வடிவமைப்பவர், செய்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு என்று சேர்த்தார்கள்.

2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி முதல் அந்த சட்டத்தின் இடத்துக்கு புதிய தொழிலாளர் பாதுகாப்பு சட்ட தொகுப்பு வந்துவிட்டது. வடிவமைப்பவர், விற்பவர் பொறுப்பு அதிலும் இருக்கிறது. ஆனால் ஒரு மாற்றம் கவனிக்க வேண்டியது. முன்பு மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே அது "தொழிற்சாலை". இப்போது 20 பேர் இருந்தால்தான்!

12 பேர், 15 பேர் வேலை செய்யும் பட்டறைகள்தான் நம் பக்கத்தில் அதிகம் முளைக்கப்போகிறவை. 471 கிலோவில் இறங்கும் தண்டு, பட்டறையில் எத்தனை பேர் என்று தலையை எண்ணிப் பார்த்துவிட்டா இறங்கும்?

பழி யார் மேல்?

விபத்து நடந்தால் "அவன்தான் கவனக்குறைவா கைய விட்டான்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பட்டனில் ஒன்றை ரப்பர் பேண்டு போட்டு கட்டி வைக்கும் தொழிலாளிகள் இல்லாமல் இல்லை. அது தப்புதான். ஆனால் ஜோடிக்கு இத்தனை காசு என்று கூலியை பேசிவிட்டு, நிமிஷத்துக்கு நிமிஷம் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுகிறவர்களுக்கு அதில் பங்கு இல்லையா? தூக்கக் கலக்கத்தில் ஒரு ஆள் ஒரு தடவை தப்பு செய்தாலும் கை பிழைக்க வேண்டும். அப்படி செய்யப்பட்டதுதான் நல்ல எந்திரம்.

செய்ய வேண்டியது என்ன?

தொழிலக பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகள், ஆலைகள் முழு வீச்சில் ஓடும் முன்பே ஜெயங்கொண்டம் பக்கம் வர வேண்டும். கைமாறி வரும் எந்திரங்களில் பூட்டு என்ன வகை, எத்தனை கிலோ தாங்கும், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று எழுதி எந்திரத்திலேயே தகடு அடிக்கச் சொல்ல வேண்டும். 20 பேருக்கு குறைந்த பட்டறைகளுக்கும் இதை மாநில அரசு கட்டாயம் ஆக்க வேண்டும்.

மாவட்டத்தில் உள்ள ஐ.டி.ஐ.க்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு சிலிண்டரை ஓட்ட மட்டும் அல்ல, காற்றை அடைத்து பூட்டு போடவும், முட்டு கொடுக்கவும் கைப்பழக்கம் வர வேண்டும்.

ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 4-ந் தேதி தேசிய பாதுகாப்பு தினம் என்று பேட்ஜ் குத்தி உறுதிமொழி எடுக்கிறார்கள். அன்றைக்கு ஒரு காரியம் செய்யலாம். உறுதிமொழிக்கு பதில் ஒவ்வொரு எந்திரத்திலும் அந்த சாக்பீஸ் கோட்டை போட்டு பார்க்கலாம்.

வேலைக்கு புதிதாக போகிற பிள்ளைகளும் ஒரு கேள்வியை கேட்க பழக வேண்டும். "அண்ணே, இப்ப காத்து போனா இது எங்க வரும்?" பதில் தெரியாத இடத்தில் கையை விடக்கூடாது.

ஜெயங்கொண்டத்துக்கு 15 ஆயிரம் பேருக்கு வேலை என்றால் ஒன்றரை லட்சம் விரல்கள் தினமும் ஆலைக்குள் போகின்றன. சாயங்காலம் அத்தனையும் வீடு திரும்ப வேண்டும். அதிகாரிகள் இப்போதே கவனிப்பார்களா?